சயாம் நாட்டுச் சுகசயனம்

தாய்லாந்து என்று இன்று வழங்கும் சயாம் நாட்டின் பழைய மருத்துவ ஏடு ஒன்றில், உறக்கம் வராதவர்க்கென வகுக்கப்பட்ட சூரணம் ஒன்று காணப்படுகிறது. அதன் பெயரை அந்நாட்டார் 'சுக்சையாத்' என்று உச்சரிக்கின்றனர். தாய் மொழியில் எழுதுவது ஒரு விதம், ஒலிப்பது வேறு விதம். எழுதியபடியே எழுத்துக் கூட்டிப் படித்தால் அப்பெயர் 'சுக சையாசன்' என்று வரும். சுகமாகச் சயனிக்கச் செய்வது என்று நமக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மட்டுமன்று, சரக்குகளும் நம் அஞ்சறைப் பெட்டிக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் பழகியவையே. கர்ப்பூரம் 1 பங்கு, வேப்பிலை 2, சஹத்சகுன் என்னும் மூலிகை 3, சமுல்வேங் எனப்படும் இலவங்க இனத்து மரப்பட்டை 4, கருஞ்சீரகம் 5, கோஷ்டம் 6, சாதிக்காய் 7, சிறுநாகப்பூ 8, மிளகு 9, சுக்கு 10, திப்பிலி 11, கஞ்சா இலை 12. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை படிப்படியாக ஏறிச் செல்லும் இக்கணக்கு, மாணாக்கர் மனப்பாடம் செய்வதற்கு எளிதாயிருக்கும் பொருட்டே அமைக்கப்பட்டதோ என்று தோன்றுகிறது. மொத்தம் 78 பங்கு. அவற்றுள் மிளகும் சுக்கும் திப்பிலியும் மட்டுமே 30 பங்கு. இம்மூன்றையும் சேர்த்து நாம் திரிகடுகம் என்கிறோம். அவர்கள் 'திரீகதுக்' என்கின்றனர். சஹத்சகுன் என்பதும் 'ஸஹஸ்ர குணம்', அதாவது ஆயிரங்குணம் என்ற சொல்லின் திரிபே.

இவ்வேடு, அயுத்தியாவைத் தலைநகராகக் கொண்டு 1656 முதல் 1688 வரை ஆட்சி புரிந்த நாராய் மன்னரின் பெயரால் வழங்குவது. அயுத்தியா நம் அயோத்தி; நாராய் நம் நாராயணன்; ஏட்டின் பெயரில் வரும் 'ஓசத்' என்ற சொல்லோ நம் ஔஷதம். அரண்மனையில் மருந்து கொடுத்த வைத்தியர்களின் பெயர்களும் அதில் குறிக்கப்பெற்றுள்ளன. சயாமியரோடு சீன வைத்தியரும், மேனாட்டு வைத்தியரும், இந்தியாவிலிருந்து சென்ற பிராமண வைத்தியரும் அவர்களுள் இருந்தனர். ஆகவே பெயர்களின் ஒற்றுமை வெறும் தற்செயல் அன்று என்பது தெளிவு. தாய் வைத்தியர்கள் இன்றும் தங்கள் கலையின் ஆதிகுருவாக வணங்குவது, புத்தர் பெருமானுக்குச் சிகிச்சை செய்தவராகக் கூறப்படும் ஜீவகரையே. பீகாரில் பணியாற்றும் நம் அன்பர்கள் ராஜகிருகத்திற்குச் செல்லும்போது, ஜீவகரின் மாந்தோப்பு என்று காட்டப்படும் இடத்தைப் பார்த்திருக்கக் கூடும். அங்கே சற்று நின்று கவனித்தால், கைகூப்பி நிற்கும் தாய்லாந்து யாத்திரிகர்களைக் காணலாம்.

வைத்திய அறிவு குடும்பங்களுக்குள்ளேயே ரகசியமாக மறைந்து போகும் நிலை நம் நாட்டைப் போலவே அங்கும் இருந்தது. அதனை மாற்றியவர் 1824 முதல் 1851 வரை ஆண்ட மூன்றாம் ராமர். பாங்காக்கில் 'வாட் போ' என்று மக்கள் அழைக்கும் பெரும் புத்த ஆலயத்தை அவர் புதுப்பித்தபோது, மருந்து முறைகளையும், உடலில் நாடிகள் ஓடும் வழிகளைக் காட்டும் படங்களையும் சலவைக் கற்களில் பொறித்துச் சுவர்களில் பதிக்கச் செய்தார். யார் வேண்டுமானாலும் வந்து படித்துக் கொள்ளலாம். கை கால்களை நீட்டி மடக்கி உடலின் இறுக்கத்தைப் போக்கிக் கொள்ளும் ரிஷிகளின் உலோகச் சிலைகளும் 1836-இல் அங்கு அமைக்கப்பட்டன. அவற்றுள் சுமார் 24 மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. இக்கல்வெட்டுகளை 2011-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக் கொண்டது. ஒரு மன்னர் மருத்துவ நூலைச் சுவரில் எழுதி ஊராருக்கு உரிமையாக்கியது, படையெடுத்துப் பிற நாட்டை வென்றதைவிடப் பெரிய செயல் என்பது என் எண்ணம்.

இனி, மிளகும் திப்பிலியும் இத்தனை காரமாகச் சேர்ந்த மருந்து உறக்கத்தை எப்படித் தரும் என்று அன்பர்கள் கேட்கலாம். தாய் வைத்தியம் உடலை நிலம், நீர், காற்று, தீ என்னும் நான்கு பூதங்களாகப் பகுக்கிறது. இவற்றுள் உறக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் காற்றுக்கு. 'லோம்' என்று அவர்கள் சொல்லும் இக்காற்று, நம் வைத்தியர்கள் கூறும் வாதத்திற்கு நெருங்கிய உறவு. அது தன் வழியில் கீழ்நோக்கிச் செல்லாமல் மேலெழும்பினால் நெஞ்சு படபடக்கும், தலை கிறுகிறுக்கும், கண் மூடினாலும் மனம் மூடாது. காரச் சரக்குகள் காற்றைக் கலைத்து வழிப்படுத்தும். மணமும் குளிர்ச்சியும் உள்ள பூக்கள் இதயத்தைத் தேற்றும். இது அவர்கள் கொள்கை. வயிறு உப்பிப் படுத்தவனுக்கு உறக்கம் வராது என்பதை அனுபவத்தால் அறிந்த எவரும் இதனை முற்றிலும் கற்பனை என்று தள்ளிவிட மாட்டார்கள்.

இரண்டாவது வகை, காரம் குறைந்து மணம் மிகுந்தது. 'யா ஹோம்' என்பது அதன் பெயர். யா என்றால் மருந்து, ஹோம் என்றால் நறுமணம். தாய்லாந்து முதியோர் பலரது வீட்டில் இப்பொடி சிறு டப்பியில் இருக்கும். மயக்கம், குமட்டல், படபடப்பு எதுவாயினும் சிறிது எடுத்து வெந்நீரில் கரைத்துப் பருகுவர். மனக்கலக்கத்தால் உறக்கம் கெட்டவர்க்கும் இதுவே கைமருந்து. இதில் பல பாகங்கள் உண்டு. 'நவகோத்' என்பது ஒன்பது கோஷ்டங்கள் சேர்ந்தது. 'இந்தசாக்' என்பது இந்திர சக்கரம். 'தேப்சித்' என்பதில் மல்லிகைப் பூவே மிகுதி.

யா ஹோமின் உயிர்நாடி 'கேசோன் தாங் ஹா' எனப்படும் ஐந்து பூக்கள். கேசோன் என்பது கேசரம். மல்லிகை, மகிழம்பூ, தாமரையின் கேசரம், சிறுநாகப்பூ, சாரபி என்னும் உள்நாட்டு மரத்தின் பூ ஆகியவையே அவ்வைந்து. கடைசி ஒன்றைத் தவிர்த்து மற்ற நான்கும் நம் கோயில் நந்தவனங்களிலும் மருந்துக் கடைகளிலும் உள்ளவை. சிறுநாகப்பூவை அவர்கள் 'புன்னாக்' என்கின்றனர். நாம் புன்னாகம் என்பதோ புன்னை மரத்தை. கடல் கடந்து சென்ற பெயர் அங்கே வேறு மரத்தின்மேல் ஏறிக் கொண்டது. அயலூரில் குடியேறிய நமக்கு இது வியப்பாக இராது. நம் குழந்தைகளின் பெயர்களும் பள்ளிப் பதிவேடுகளில் எப்படியெல்லாம் மாறுகின்றன என்பதைப் பார்த்துக் கொண்டுதானே இருக்கிறோம்!

ஒன்பது கோஷ்டங்களுள் ஒன்று சடாமாஞ்சில். அவர்கள் வழக்கில் 'கோத் சதாமாங்சி'. நம் ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் மனத்தை அமைதிப்படுத்த இது பயன்படுகிறது. இமயமலையின் உயரமான சரிவுகளில் வளரும் இச்செடி, பெருமளவில் தோண்டி எடுக்கப்பட்டதால் அருகி வருகிறது. சர்வதேச வியாபாரத்தில் இதற்குக் கட்டுப்பாடு உண்டு. காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் விளையும் கோஷ்டத்திற்கோ அதைவிடக் கடுமையான தடை. ஆதலால் அங்காடியில் மலிவாகக் கிடைக்கும் பொட்டலத்தில் உண்மையான சரக்கு எவ்வளவு இருக்கும் என்பது சந்தேகத்திற்குரியதே.

மூன்றாவது, மருந்தாகவும் கறியாகவும் உள்ள ஓர் இலை. 'கிலெக்' என்பது மரத்தின் பெயர். கி என்பது கழிவு, லெக் என்பது இரும்பு. அதாவது இரும்புக் கிட்டம். தொழிற்சாலைப் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்பெயர் சிரிப்பை உண்டாக்கலாம். இது நாம் மஞ்சள் கொன்றை என்று அழைக்கும் சாலையோர மரமே. இந்தியாவின் பல ஊர்களில் நிழலுக்காக நடப்பட்டுள்ளது. சித்திரையில் பொன்மழை போலத் தொங்கும் சரக்கொன்றை வேறு; அது தாய்லாந்தின் தேசிய மலர் என்ற பெருமைக்கு உரியது. மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து தொங்காது. கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும்.

தாய்லாந்தின் கிராமப் பெண்கள் இம்மரத்தின் இளந்தளிரையும் மொட்டையும் பறித்து நீரில் வேகவைப்பர். அந்நீர் மிகவும் கசக்கும். அதனைக் கொட்டிவிட்டு, புது நீர் விட்டு மறுபடியும் வேகவைத்து, அதையும் வடித்துப் பிழிவர். அதன் பின்னரே தேங்காய்ப்பாலும் அரைத்த மசாலையும் சேர்த்து, சுட்ட மீனோ இறைச்சியோ இட்டுக் குழம்பாக்குவர். வடகிழக்குப் பகுதியில் 'யானாங்' என்னும் கொடியிலையின் சாறும் சேர்வதுண்டு. கசப்பு முழுவதும் போகாது. சுண்டைக்காயை விரும்பி உண்பவர்க்கு இக்கசப்பு பிடிக்கும். இரவு இக்குழம்பு உண்டால் நல்ல உறக்கம் வரும், காலையில் மலம் இளகிப் போகும் என்பது அங்குள்ள தாய்மார்களின் நம்பிக்கை.

இந்நம்பிக்கையில் உண்மை இருப்பதை ரசாயன நிபுணர்கள் கண்டனர். இலையில் 'பாராகோல்' என்ற பொருள் உள்ளது. அது பிராணிகளின் பரபரப்பை அடக்கி மயக்கம் தருவதைச் சோதனைகள் காட்டின. பிறகென்ன? குழம்பு வைக்கும் சிரமம் எதற்கு என்று, இலையை உலர்த்திப் பொடித்து மாத்திரையாகவும் கூட்டு மருந்தாகவும் அடைத்து விற்றனர். உறங்குவதற்கு முன் நாள்தோறும் விழுங்கியவர்களுள் சிலருக்குக் கல்லீரல் வீங்கி மஞ்சட் காமாலை கண்டது. மருந்தை நிறுத்தியதும் நோய் தணிந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி இச்செய்திகள் வெளியாகவே, தாய்லாந்து அதிகாரிகள் அம்மாத்திரைகளின்மேல் நடவடிக்கை எடுத்தனர். பின்னர் 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இலையை வேகவைத்து நீரைக் கொட்டும்போது பாராகோலின் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகிறது என்பதை அளந்து காட்டிற்று.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தக் கிராமத்துத் தாய்மார்கள் எந்த ரசாயன நூலையும் கற்றவரல்லர். ஆனால் இரண்டு முறை வேகவைத்து இரண்டு முறையும் நீரைக் கொட்ட வேண்டும் என்று அவர்தம் பாட்டிமார் சொல்லி வைத்ததை மீறவில்லை. 'பாரம்பரிய மருந்து' என்று விளம்பரம் செய்து மாத்திரையை விற்றவர்கள் பாரம்பரியத்தின் இலையை எடுத்துக் கொண்டு, பாரம்பரியத்தின் பக்குவத்தை விட்டுவிட்டனர். மூலிகைதானே, தீங்கு செய்யாது என்று நம்மில் பலர் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இக்கொன்றையிலை நினைவிற்கு வருகிறது. நம்மூர்ச் சாலையோரத்திலும் அம்மரம் நிற்பதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்: தளிரைப் பறித்து வந்து யாரும் வீட்டில் சோதனை செய்ய வேண்டாம்.

இதனை இத்துணை விரித்து எழுத ஒரு காரணம் உண்டு. கல்கத்தாவிலிருந்து பாங்காக்கிற்கு விமானத்தில் இரண்டரை மணி நேரப் பயணந்தான். நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்று வருகிறார்கள். வரும்போது தைலமும், மூக்கில் வைத்து முகரும் குழலும், பெற்றோருக்கென உறக்க மருந்தும் வாங்கி வருகிறார்கள். எங்கள் குடியிருப்பில் பல்லாண்டு இரவுப் பணி செய்து உறக்கம் கெட்ட அன்பர் ஒருவருக்கு அவருடைய மகள் அத்தகைய குப்பி ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தாள். அன்போடு கொடுத்த பொருள். அவரும் ஒரு மாதம் தவறாமல் உண்டார். உறக்கம் சிறிது கூடியது. ஆனால் நாடி தளர்ந்து, படி ஏறும்போது தலை சுற்றிற்று. மேற்சட்டம் முழுவதும் தாய் எழுத்து. இப்பொழுது கைபேசியின் படக்கருவியைக் காட்டினாலே பிறமொழி எழுத்தைத் தமிழாக்கித் தரும் வசதி இருக்கிறதல்லவா? அவ்வாறு படித்ததில் மிளகும் திப்பிலியும் நிறைய இருப்பது தெரிந்தது. அன்பரோ ரத்த அழுத்தத்திற்கும் கை நடுக்கத்திற்குமாக 'புரோப்ரனலால்' என்ற மாத்திரை உண்பவர். மிளகிலுள்ள சத்து அம்மாத்திரையை ரத்தத்தில் அதிகமாகத் தங்கச் செய்யக் கூடியது. காரணம் அதுவாகவே இருக்கலாம் என்று கூறி, குப்பியை நிறுத்தும்படி மருத்துவர் சொன்னார். ரசத்தில் போடும் மிளகைப் பற்றி யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அது வேறு அளவு. மருந்தளவில் நாள்தோறும் உட்கொள்வது வேறு. வலிப்பு நோய்க்கான பெனிடாயின், ஆஸ்துமாவுக்கான தியோபிலின், காசநோய்க்கான ரிபாம்பிசின் ஆகியவற்றை உண்போரும் சுகசயனச் சூரணத்தில் எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்று தாய்லாந்து மருத்துவக் குறிப்புகளே கூறுகின்றன. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், 18 வயது நிரம்பாதோரும் அதைத் தொடலாகாது.

கஞ்சாவைப் பற்றிய சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். தாய்லாந்தில் கஞ்சாவை மருத்துவத்திற்குப் பயன்படுத்த 2018-இன் இறுதியில் சட்டமன்றம் இசைந்தது. 2019-இல் அது நடைமுறைக்கு வந்தது. சுகசயனச் சூரணம் மீண்டும் மருத்துவமனைகளுக்கு வந்ததும், அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம் பெற்றதும் அதன் பின்னரே. அது உறக்கத்திற்கு உதவுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் பெரும்பாலானவை சிலரை மட்டுமே கொண்டு செய்த சிறிய ஆய்வுகள். 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கினர். தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025 ஜூனில், மருத்துவச் சீட்டின்றிப் பூவை விற்கலாகாது என்று மீண்டும் கட்டுப்பாடு கொணர்ந்தனர்.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் செடியின் பூக்கும் நுனியைத்தான் கஞ்சா என்று வரையறுக்கிறது. நுனி சேராத இலை அதில் அடங்காது. காசியில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகள் இருப்பது அதனால்தான். இதைக் காட்டி, இலை மருந்துதானே என்று பெட்டியில் வைத்துக் கொண்டு வந்துவிடலாம் என எவரும் எண்ணிவிடலாகாது. பொடித்த சூரணத்தில் இருப்பது இலையா பூவா என்று சுங்க அதிகாரியுடன் வாதாடுவது நடவாத காரியம். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளிடம் 2024, 2025 ஆண்டுகளில் நம் விமான நிலையங்களில் எத்தனையோ முறை கஞ்சா பிடிபட்டிருக்கிறது. அதிகாரிகளின் கண் அவ்விமானங்களின்மேலேயே இருக்கிறது. வண்டி ஓட்டுவோர், கார்டுகள், நிலைய அதிபர்கள், சிக்னல் பகுதியினர் ஆகிய நம்மவர்க்குச் சட்டம் இரண்டாம் பட்சமே. அத்தகைய மருந்தின் மந்தம் மறுநாளும் தங்கக் கூடும். நாம் அசைக்கும் கொடிக்குப் பின்னால் ஆயிரம் பேர் உறங்கிக் கொண்டு வருகிறார்கள்.

உரத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறி எழுபவர்கள் எந்த உறக்க மருந்தையும், அது எந்நாட்டதாயினும், மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதம் உறக்கம் கெட்டால் அதை நாட்பட்ட நோயாகவே கருதுகின்றனர். அதற்கு முதலில் தருவது மாத்திரையன்று. படுக்கும் நேரத்தையும் பழக்கத்தையும் எண்ணத்தையும் சீர்செய்யும் பயிற்சியே என்பது இன்றைய மருத்துவரின் முடிவு.

சயாம் வைத்தியத்தில் நாம் அச்சமின்றிக் கைக்கொள்ளத் தக்கது, வாயால் உண்ணாத பகுதி. அவர்களுடைய பிடித்துவிடும் கலை 2019-இல் உலகப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அதன் துணையாக உள்ளது 'லூக் பிரகோப்' என்னும் ஒத்தட மூட்டை. 'பிளை' என்ற இஞ்சி இனக் கிழங்கு, மஞ்சள், எலுமிச்சம்புல், நார்த்தை போன்ற கரடுமுரடான ஓர் எலுமிச்சையின் தோல், புளியிலை, சீயக்காய் இலை ஆகியவற்றை நசுக்கி, உப்பும் கர்ப்பூரமும் கலந்து, பருத்தித் துணியில் உருண்டையாகக் கட்டுவர். பிளைக் கிழங்கு கிடைக்காத ஊரில் மஞ்சளும் இஞ்சியும் கொண்டு செய்து பார்த்தோம். மணம் சற்றுக் குறைந்ததே தவிர இதம் குறையவில்லை. இட்டிலிப் பானையில் கால் மணி நேரம் ஆவியில் வைத்து எடுத்து, முதலில் தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு, தோள், முதுகு, கெண்டைக்கால் என்று மெல்ல ஒற்ற வேண்டும். சூடு ஆற ஆற அழுத்தத்தைக் கூட்டலாம். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் முதுகிற்கு இது மிக உகந்தது. புண், காய்ச்சல், புதிதாக அடிபட்டு வீங்கிய இடம் இவற்றில் ஒற்றலாகாது. நீரிழிவினால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு மற்றவர் கைச்சூடு பார்த்தே ஒற்ற வேண்டும். அவர்களுக்குச் சுட்டாலும் தெரியாது. ஒரு மூட்டையை நான்கைந்து முறை பயன்படுத்தலாம். இடையில் நன்றாக ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். மஞ்சள் நிறம் வெளுத்து, மணம் போய்விட்டால் எறிந்துவிடலாம். விரிப்பில் மஞ்சட்கறை படியும் என்பதால் பழைய புடவை ஒன்றைக் கீழே போட்டுக் கொள்வது நல்லது.